பெங் சூன் ஆவிகளின் நாற்காலி கவர்ந்த படலம்

வாழ்க, வாழ்க, அவ்வீரர் வாழ்க! கொதிகலன் முன்னே குலையா நெஞ்சினர், வடிதுணி ஏந்திய வலக்கையர், கோப்பித்தூளின் கருமை நகக்கண்ணில் குடியேறிய கோமகனார், தைப்பிங் நகரத்துப் பழஞ்சந்தைப் பின்தெருவைத் தம் கடைமணத்தால் கட்டியாளும் காவலர், ஊய் பெங் சூன் அவர்கள் வாழ்க! திருப்பெயரை முழுமையாகச் சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா? சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் கழிந்து கீழுலகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று என்ற தைரியம்தான். போன மாதம் கேட்டிருந்தால் "அந்தக் கோப்பிக்கடைக்காரர்" என்பதோடு நிறுத்தியிருப்பேன். அந்தக் கதவு வழியே வந்து பசியோடு ஊருக்குள் திரிகிறவர்கள் காதில் ஒருவரின் முழுப்பெயர் விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

ஆண்டுதோறும் அப்படித் திரிகின்ற நல்ல சகோதரர்களே, உங்களையும் வணங்குகிறேன். உங்களை வேறு பெயரிட்டு அழைக்க எனக்கென்ன பைத்தியமா? காகிதமும் மூங்கிலும் கொண்டு சமைத்த பேருருவாய்க் கோவில் திடலின் ஓரத்தில் நின்று, விழியுருட்டிப் பல்நெரித்து அவர்களை மேய்க்கும் தாய் சூ யா பெருமானே, உம்மையும் வணங்குகிறேன். இக்கதையில் உங்கள் இருக்கை ஒன்று பறிபோகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பறித்தவர் பக்கம் நியாயம் இருந்தது.

போருக்கு மூலம் ஒரு சபதம். பெங் சூனாரின் ஒரே மகள் லீ யென், வங்கியில் கிடைத்த வேலையை உதறிவிட்டு, நடிக்கப் போகிறேன் என்று கோலாலம்பூருக்குப் பெட்டி கட்டிய நாளிலே, தந்தையார் கல்லாவுக்கு முன்னே நிமிர்ந்து நின்று, குவளைகள் அதிர, வாடிக்கையாளர் வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறக்க, எட்டுத் திக்கும் கேட்க ஆணையிட்டார்:

"உன் மூஞ்சி என்னிக்குப் படத்துல தெரியுதோ, அன்னிக்குப் பேசறேன் உங்கிட்ட. அதுவரைக்கும் எனக்குப் பொண்ணே கிடையாது!"

தனியறையில் சொல்லியிருந்தால் மறுநாளே விழுங்கியிருக்கலாம். கடை நடுவிலே சொல்லித் தொலைத்தார். மீன் உருண்டை விற்கும் ஆ லெக் கேட்டான். அவன் கேட்டால் சந்தை கேட்ட மாதிரி. அன்று முதல் பெருவீரர் தம் வாக்கின் சிறையில் தாமே கைதியாகி, தாமே காவலராகி, புத்தாண்டுக்கு மகள் வந்தபோதும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, மனைவி கியோக் லானிடம் "அவளை மீன் எடுத்துக்கச் சொல்லு" என்றார். "எடுத்துக்கிட்டேன்னு சொல்லும்மா" என்றாள் மகள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். இருவருக்கும் நடுவே கியோக் லான், எல்லைக்கோட்டில் தூது போகும் புறாவாகச் சோறு ஆறிப்போகச் சாப்பிட்டாள்.

ஏழாம் மாதத்தில் நல்ல சகோதரர்களுக்காக வழக்கமாக ஆடும் நாடகக் குழுவை இந்த ஆண்டு கோவில் குழுவினர் அழைக்கவில்லை. திரை கட்டிப் படம் காட்டுவது என்று முடிவெடுத்தார்கள். மலைப்பாதையில் பேருந்து பழுதாகி நிற்க, பாழடைந்த சத்திரத்தில் ஒதுங்கும் பயணிகளைப் பழங்கதைகளில் உள்ள அத்தனை பேரும், அதாவது நல்ல சகோதரர்களும் சகோதரிகளும், ஒருவர்பின் ஒருவராக வந்து விரட்டும் திகில் படம். பேய்மாதத்தில் பேய்களுக்கே பேய்ப்படம் காட்டும் பேரறிவு எங்கள் குழுவுக்கு மட்டுமே வாய்க்கும்.

"அந்தப் படத்துல நம்ம பொண்ணு இருக்கா" என்றாள் கியோக் லான், காய் நறுக்கியபடி. "பாதிக்கு மேல, சத்திரத்துல வர்றாளாம். நான் அந்தக் கண்றாவியெல்லாம் இந்த மாசத்துல பாக்க மாட்டேன். நீ போய்ப் பாரு. மூஞ்சி தெரிஞ்சா அவளுக்கு ஃபோனைப் போடு. போதும், எனக்கு வாய் வலிக்குது."

வீரர் இருமினார். அந்த இருமலுக்குள் ஒளிந்திருந்த மகிழ்ச்சியைக் காவியமாகவே பாடலாம், இடமில்லை. கல்யாணத்துக்குப் போகும் நீலச் சட்டையை எடுத்தார். தலைக்கு எண்ணெய் தடவினார். காலுறை போடுவதற்காகக் கட்டிலில் கம்பீரமாக அமர்ந்தார். அமர்ந்த இடத்தில் ஒரு சிற்றொலி கேட்டது. அந்தோ! தம் இரு விழிகளுக்கும் ஒளியான மூக்குக்கண்ணாடியைத் தம் சொந்தப் பின்புறத்தாலேயே நசுக்கிக் கொன்றார் அம்மாவீரர். அது இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் மனைவிக்கும் மாவு மூட்டைக்கும் வித்தியாசம் தெரியாத பார்வை அவருடையது. கண்ணாடிக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, படம் பார்க்க இடம் பிடிக்க அப்போதே போயிருந்தார்.

இனிப் போர்க்களம் காண்போம். தைப்பிங் மழை தன் அன்றாடக் கடமையை முடித்துவிட்டு ஓய்ந்திருந்தது. ஊதுபத்திப் புகை, பன்றி வறுவல் மணம், ஈரப்புல்லின் வாசனை எல்லாம் கலந்த அந்தத் திடலிலே, வெள்ளைத் திரைக்கு எதிரே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் அணிஅணியாக வகுக்கப்பட்டிருந்தன. அவற்றிலே மனிதர்கள் சிலர்தான். மற்ற நாற்காலிகளை ஆண்டது யார்? ஒன்றைக் கைக்குட்டைத்தாள் பொட்டலம் ஆண்டது. ஒன்றைச் சாவிக்கொத்து ஆண்டது. ஒன்றை நேற்றைய செய்தித்தாளும், இன்னொன்றைப் பாதி தின்ற ரம்புத்தான் பையும் ஆண்டன. எங்கள் ஊரில் நாற்காலிமேல் வைத்த கைக்குட்டைத்தாள் கோட்டைக்கொடிக்குச் சமம். அதை எடுத்தவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

முன்வரிசை மட்டும் தனி. அங்கே நாற்காலிக்கு நாற்காலி ஓர் ஆரஞ்சும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் இருந்தன, காலடி மண்ணில் ஊதுபத்தி புகைந்தது. அது நல்ல சகோதரர்களுக்கென்று விடப்பட்ட வரிசை. உயிரோடு இருப்பவர் எவரும் அதில் அமர்வதில்லை. அமர்ந்தால் யார் மடியில் உட்கார்கிறோம் என்பது தெரியாதல்லவா?

அந்த வரிசைக்கும் அதன் பின்வரிசைக்கும் காவல்தெய்வம் சியூ ஹோங் அம்மையார். கோவில் மகளிர் அணியின் தலைவி, மாஜோங் மேசையில் தோற்றறியாதவர், விசிறி ஏந்திய வீராங்கனை. ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் ஊருக்கே சட்டம் சொல்லும் வாய் அது. விசில் அடிக்காதே, துணியை வெளியே காயப்போடாதே, பின்னாலிருந்து யார் தோளைத் தட்டினாலும் திரும்பாதே. திரும்பினால் தோளிரண்டிலும் எரிகிற உயிர்விளக்கு அணைந்துவிடும். கோப்பிக்கடையில் உட்கார்ந்து அவர் இதைச் சொல்லாத காலை கிடையாது. இரண்டாம் வரிசையில் அவர் அமர்ந்திருந்தார். அவர் பக்கத்தில், அந்தத் திடலில் எஞ்சியிருந்த ஒரே நல்ல இருக்கையில், ஒரு பூப்போட்ட குடை கால்நீட்டிப் படுத்திருந்தது.

சென்றார் பெங் சூனார். நின்றார். கனைத்தார். "அக்கா, இந்த இடம்..."

"ஆள் வருது."

"யாரு வர்றா?"

"என் கூட்டாளி. ஈப்போவிலேர்ந்து வர்றா."

"படம் ஆரம்பிக்கப் போவுதுக்கா. எனக்குக் கண்ணாடி உடைஞ்சு போச்சு. அவங்க வர்ற வரைக்குமாவது..."

"அதெப்படி? அவ வந்ததும் நீங்க எந்திரிக்க மாட்டீங்க. உங்க ஜாதகம் எனக்குத் தெரியும் லா. பின்னால நிறைய இடம் இருக்கு, போங்க."

ஒரு மனிதனின் கெஞ்சலுக்கும் ஒரு குடையின் உரிமைக்கும் வழக்கு வந்தது, குடை வென்றது. வரவே வராத உயிருள்ளவளுக்கு ஒரு நாற்காலி, வந்தார்களோ இல்லையோ தெரியாத செத்தவர்களுக்கு ஒரு வரிசை, கண்ணெதிரே நிற்கிற மனிதனுக்கு மட்டும் இடமில்லை. இதைக் கேட்க அந்தத் திடலில் ஒரு நாதி இல்லை. முதற்போரில் தோற்ற வீரர் பின்வாங்கி, கடைசி வரிசைக்கும் பின்னே, சேற்றில், ஆ லெக்கின் பக்கத்தில் நின்றார்.

படம் தொடங்கியது. உலகோர் கண்டது மலையும் மஞ்சும் மருண்ட பயணிகளும். நம் வீரர் கண்டதோ சாம்பல் நிறக் கஞ்சிமேல் மிதக்கும் சில பருக்கைகள். கண்ணை இடுக்கினார், விரித்தார், விரலால் இழுத்துப் பிடித்தார். மஞ்சள் நிறத்தில் ஏதோ அசைந்தது.

"லெக்கு, இப்ப வந்ததே, பொண்ணுதானே?"

"அது பஸ்ஸுண்ணே."

சற்றுப் பொறுத்து, "இது?"

"இது பிணம். குதிச்சுக் குதிச்சு வருது பாரு. நீ ஏண்ணே பொண்ணு பொண்ணுன்னு தேடறே, வயசான காலத்துல?"

சொல்ல முடியுமா? சொன்னால் சந்தை கேட்கும். குதிக்கும் பிணம் குதித்து ஓய்ந்தது. நாக்கு நீண்டவள் உத்தரத்தில் தொங்கினாள். பயணிகளில் பருமனானவர் செத்தார், கஞ்சர் செத்தார், அவர்கள் செத்ததற்குத் திடலே மகிழ்ந்தது. எஞ்சியவர்கள் சத்திரத்தின் வாசலை அடைந்தார்கள் என்று ஆ லெக் அறிவித்தான். சத்திரம்! பெங் சூனாரின் இதயம் கொதிகலன் மூடிபோல் குதித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மகள் வருவாள், இவர் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் எந்தப் படம், எந்த ஆண்டு? "பார்த்தேன்" என்று பொய் சொல்லலாம்தான். கியோக் லான் "என்ன வேஷம், சொல்லு" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

எழுந்தது வீரம்! சேற்றில் புதைந்த செருப்பை உருவி, நீலச் சட்டையை நீவி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடி வழியில் நடந்தார், நடந்தார், குடையைக் கடந்தார், விசிறியைக் கடந்தார், மானிடர் எல்லையைக் கடந்தார். முன்வரிசையின் நடுநாற்காலி முன் நின்றார். அதன்மேல் இருந்த ஆரஞ்சையும் பிஸ்கட் பொட்டலத்தையும் இரு கைகளாலும் எடுத்து, காலியான அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக்கைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தம்பி, கோவிச்சுக்காதே. கொஞ்ச நேரம் இடம் குடு. என் பொண்ணைப் பாக்கணும்."

அமர்ந்தார். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

திடலெங்கும் கடலை கொறித்த வாய்கள் நின்றன. திரையில் அலறிய பயணிகளை ஒருவரும் பார்க்கவில்லை. குழுத் தலைவர் ஒலிபெருக்கியைப் பறித்தார், வாயருகே கொண்டுபோனார், திகைத்தார். பெயர் சொல்லக்கூடாத மாதமாயிற்றே! முழங்கினார்: "முன்வரிசையில் நீலச் சட்டை போட்டிருக்கும் அன்பருக்கு ஓர் அறிவிப்பு! அந்த இடம் உங்களுக்கானது அல்ல!" நீலச் சட்டை போட்டிருந்த வேறு சிலர் அவரவர் நாற்காலியிலிருந்து திடுக்கிட்டு எழுந்து நின்றார்கள். எழ வேண்டியவர் எழவில்லை.

அப்போது புறப்பட்டார் சியூ ஹோங் அம்மையார். ஆயினும் முன்வரிசைக்குள் கால் வைக்க அவராலும் ஆகாது. ஆகவே குடையை உயர்த்தினார். நெடுங்குடை நுனியால் வீரரின் இடத்தோளில் ஒரு தட்டு, வலத்தோளில் ஒரு தட்டு.

"இந்தாங்க! எந்திரிங்க!"

பெங் சூனார் திரும்பவில்லை.

"உங்களைத்தான்! காது செவிடா? திரும்பிப் பாருங்க!"

திரையை விட்டு விழியகற்றாமல், மலைபோல் அசையாமல், பெங் சூனார் மறுமொழி அருளினார்: "ஏழாம் மாசத்துல பின்னாலேர்ந்து தட்டினா திரும்பக் கூடாது."

"நான்தான் தட்டறேன்! சியூ ஹோங்!"

"அப்படித்தான் சொல்லும். தெரிஞ்சவங்க குரல்லதான் கூப்பிடும். நீங்கதானேக்கா சொன்னீங்க, என் கடையில உக்காந்து."

ஆகா! தாம் பல்லாண்டு பயிற்றுவித்த அம்பு தம் நெஞ்சையே துளைக்கக் கண்டார் அம்மையார். குடை தாழ்ந்தது. கடைசி வரிசைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அது ஆ லெக்காகத்தான் இருக்கும்.

இனி வருவது கேளுங்கள். திரை அத்தனை அருகில் இருந்தது. கண்ணாடி இல்லாமலே சத்திரத்துக் கூரையின் ஓடுகள் தெரிந்தன, பயணிகளின் வியர்வை தெரிந்தது. கிணற்றடியிலிருந்து வெள்ளுடை உடுத்த ஒருத்தி ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து வந்தாள். பெங் சூனார் கண்கொட்டவில்லை. அவள் வந்தாள், இன்னும் அருகே வந்தாள், திரை நிறைய நின்றாள். அவள் தலையிலிருந்து இடுப்பு வரை, நெற்றியை மூடி, மூக்கை மூடி, வாயை மூடி, மோவாயைத் தாண்டி, முன்பக்கம் முழுக்க மயிர். கறுப்பு மயிர். ஒரு மூக்குநுனி கூடத் தெரியவில்லை.

குடையோடும் சட்டத்தோடும் ஒலிபெருக்கியோடும் பொருது, செத்தவன் மடியிலே உட்கார்ந்து, ஒரு முகம் காண வந்தவருக்கு மயிரைக் காட்டியது விதி. வேறு யாராவது சகோதரியாக இருக்கும், மகள் பின்னால் வருவாள் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். அந்நேரம் அந்த வெள்ளுடையாள் சத்திரத்துத் தூணோரம் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி, பாதத்தை மறு கணுக்காலின்மேல் வைத்துத் தேய்த்தாள்.

பெங் சூனார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். கடையின் பின்புறத் தொட்டியில் குவளை கழுவ நிற்கும்போதெல்லாம் லீ யென் அப்படித்தான் நிற்பாள். கொசு கடித்தாலும் கடிக்காவிட்டாலும் தேய்ப்பாள். "ஒழுங்கா நில்லு, கொக்கு மாதிரி நிக்காதே" என்று எத்தனை தடவை அதட்டியிருக்கிறார்! ஆயிரம் பேர் நடுவே அந்தக் காலை அவருக்குத் தெரியாதா?

பின்னால் திடல் அலறியது. சியூ ஹோங் அம்மையார் விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு கூவினார்: "ஐயோ, கர்மம்! பாக்கவே வயித்தைக் கலக்குது! எவ பெத்த புள்ளையோ!"

அந்தச் சொல் கேட்டதும், குடைக்கு அசையாதவர், கூச்சலுக்கு அசையாதவர், தோள்விளக்கு இரண்டும் அணைந்தால் அணையட்டும் என்று எழுந்து, திரும்பினார்! பின்னே வெண்திரையின் வெளிச்சம் எரிய, முன்னே முகம் இருள, மயிர்மூடிய பெண்ணுருவின் காலடியில், செத்தவர் வரிசையிலிருந்து எழுந்து நின்ற அந்த நீலச் சட்டையைக் கண்டு இரண்டாம் வரிசை நாற்காலியோடு பின்னே சாய்ந்தது. பெருமுழக்கம் செய்தார் வீரர்:

"நான் பெத்த புள்ள! அது என் பொண்ணு!"

"மூஞ்சியே தெரியலை, எப்படிச் சொல்றீங்க?" என்றார் தரையிலிருந்து அம்மையார்.

"காலைப் பாருங்க!"

பார்த்தார்கள். அந்தக் கடையில் கோப்பி குடித்து, அந்தத் தொட்டிப் பக்கம் கை கழுவப் போனவர்கள்தானே எல்லாரும்? ஓர் ஓரத்திலிருந்து "ஆமாப்பா" என்றது ஒரு குரல். "கொக்குக் கால்!" என்றது இன்னொன்று. "அடி ஆத்தி, லீ யென்!" என்று சியூ ஹோங் அம்மையாரே, மாதத்தை மறந்து, சட்டத்தை மறந்து, பெயரை உரக்கச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குள் திரையில் ஒரு தாடிக்காரப் பூசாரி மஞ்சள் காகிதத்தில் மந்திரம் எழுதி, அவள் நெற்றியில் அடித்தான். அவள் புகையாகிக் கரைந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் எங்கள் ஊர் கைதட்டும். அன்று ஒருவரும் தட்டவில்லை. "போடா தாடி" என்றான் ஆ லெக். படம் மேலும் ஓடியது, பயணிகள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள், அது யாருக்கு வேண்டும்? ஈப்போக் கூட்டாளி வரவில்லை. அவருடைய நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது.

விளக்குகள் எரிந்தன. பெங் சூனார் நாற்காலியைத் துடைத்து, ஆரஞ்சையும் பிஸ்கட்டையும் இருந்த இடத்திலேயே வைத்து, நன்றி சொல்லிக் குனிந்து நிமிர்ந்தார். எதிரே ஊர் நின்றது. எல்லார் மனத்திலும் இருந்ததை ஆ லெக் வாய்விட்டுக் கேட்டான், பாவி, மீன் உருண்டைக் கைகளைக் கட்டிக்கொண்டு:

"அண்ணே, எல்லாம் சரி. மூஞ்சி தெரியலையே! கடையில நின்னு அன்னிக்குச் சொன்னியே, அது என்னாச்சு?"

எழுந்தது மீண்டும் அந்தப் பழைய இறுமாப்பு. கல்லாவுக்கு முன் நின்ற அதே நிமிர்வோடு, கழுத்து விடைக்க, நெஞ்சு விரிய, சொன்ன சொல் தவறா மாவீரர் தம் இரண்டாம் பேராணையை இடப்போகிறார் என்று விசிறிகள் ஓய, குழந்தைகள் அடங்க, ஒலிபெருக்கி ஏந்திய குழுத் தலைவர் அதை நைசாக அவர் வாயருகே நீட்ட, காகிதப் பெருமான் தாய் சூ யா தாமும் விழியுருட்டி உற்றுநோக்க, பெங் சூனார் ஆ லெக்கை ஒருமுறை பார்த்து, ஊரை ஒருமுறை பார்த்து, சட்டைப்பையில் கைவிட்டுக் கைபேசியை எடுத்து, மூக்கோடு ஒட்டிப் பிடித்து, இத்தனை நாளும் மனப்பாடமாய் இருந்தும் ஒருமுறைகூட அழுத்தியிராத அந்த எண்களை ஒவ்வொன்றாய் அழுத்தி, அங்கே மணி அடிக்கும்வரை மூச்சடக்கி, அவள் எடுத்து "அம்மாவா?" என்றதும் ஒலிபெருக்கி பக்கத்தில் இருப்பதையும் மறந்து வாய்திறந்தார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.